பெரிய தொட்டியில் ஆரல்களைச் சேர்த்து வளர்ப்பது எப்படி

ஆரல் பாம்புபோல் நீண்ட நன்னீர் மீன். ஆரல்களுக்குள் சண்டை வருவது பொந்துக்காகத்தான். உயரமான தொட்டியில் ஆயிரம் லிட்டர் நிரப்பி வைத்தாலும், தரை குறுகலாக இருந்தால் இரண்டு ஆரல்கூட ஒத்துப்போகாது. அகலமான தரை, புதைந்து படுக்க நைசான மணல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஒளிவிடம் என்று அமைத்துவிட்டால் ஆறேழு ஆரல்கள் ஒன்றாக வருடக்கணக்கில் வாழும். தொட்டி வாங்கும்போது உயரத்தை விட்டுவிட்டு நீள அகலத்தைப் பாருங்கள்.

6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் நல்ல தொடக்க அளவு. கண்ணாடி 12 மி.மீ. கணக்குப்படி இது 680 லிட்டர். ஆனால் 3 அங்குல மணல் போட்டு, மேலே 3 அங்குலம் காலியாக விட்டால் உள்ளே நிற்கும் தண்ணீர் சுமார் 530 லிட்டர்தான். மருந்து, உப்பு எல்லாவற்றையும் இந்த 530-க்குத்தான் அளக்க வேண்டும். 680 என்று நினைத்து மருந்து ஊற்றினால் கால் பங்குக்கு மேல் கூடிவிடும். ஆரலுக்கு அந்தக் கூடுதல் தாங்காது. தண்ணீர், மணல், கண்ணாடி, தாங்கி எல்லாம் சேர்ந்து எடை ஒரு டன்னை நெருங்கும். தரைத்தளத்தில், சுவரை ஒட்டி வையுங்கள். மாடியில் வைப்பதானால் முதலில் ஒரு பொறியாளரிடம் காட்டிவிடுங்கள்.

எந்த ஆரலோடு எது

கடைகளில் பீகாக் ஈல் என்று விற்பது சிறிய இனம். பெரும்பாலும் 20 முதல் 25 செ.மீ. வரை வளரும், முதுகுத் துடுப்பின் அடியில், வால் பக்கமாகக் கண் போன்ற புள்ளிகள் இருக்கும். இவை தங்களுக்குள் ஒத்துப்போகும். மேலே சொன்ன தொட்டியில் 6 முதல் 8 வரை விடலாம். இரண்டு மட்டும் விட்டால் பலசாலி மற்றதை ஓயாமல் விரட்டும். ஐந்துக்கு மேல் இருந்தால் விரட்டல் பலர்மீது பரவி வலுவிழக்கும்.

டயர் ட்ராக் என்ற பெயரில் வருவது நம் ஆறுகளில் உள்ள கல் ஆரலோ அதன் நெருங்கிய உறவோதான். கல் ஆரல் ஆற்றில் 90 செ.மீ. வரைகூடப் போகும். சிவப்புக் கோடுள்ள ஃபயர் ஈல் தென்கிழக்காசிய மீன். அது ஒரு மீட்டர் வரை வளரும். இந்த இரண்டிலும் ஒரே இனத்தில் இரண்டை ஒரு தொட்டியில் விடாதீர்கள். குட்டியில் அமைதியாகத் தெரிந்தாலும் ஒரு அடி தாண்டியதும் ஒன்றையொன்று கடித்து வாலைக் கிழிக்கும். ஃபயர் ஈல் ஒன்று, டயர் ட்ராக் ஒன்று என்று இனம் மாற்றி, ஏறக்குறைய ஒரே நீளத்தில் விட்டால் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆனால் இந்த ஜோடி முழு வளர்ச்சி அடையும்போது இரண்டடி அகலம் போதாது. இரண்டரை, மூன்று அடி அகலத் தொட்டிக்கு முன்பே திட்டமிடுங்கள். எந்தச் சேர்க்கையிலும் சிறியது பெரியதன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். வாய் சிறிதாகத் தெரிந்தாலும், ஆரல் இரவில் வாய்க்குள் நுழையும் எதையும் தின்னும்.

குளத்திலோ ஆற்றிலோ தூண்டிலில் பிடித்த ஆரலை வாங்க வேண்டாம். தொண்டையில் முள் கிழித்த மீன் தீனி எடுக்காமல் மெலிந்தே சாகும். வளர்ந்து பெரிதான ஃபயர் ஈலை நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கோதையாற்றிலோ பேச்சிப்பாறை அணையிலோ விடவே கூடாது. அது நம் ஆற்று மீன் அல்ல.

மணலும் பொந்தும்

ஆரலுக்குச் செதில் மிக நுண்ணியது; தோல் உரசினால் அந்த இடத்தில் கிருமி ஏறும். உடைத்த கல்லில் செய்யும் எம் சாண்ட் மூலைகள் கூரானது, அதனால் வேண்டாம். கடற்கரை மணலும் வேண்டாம்: சிப்பித்தூள் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும், உப்பும் இருக்கும். மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணல் என்றால் இல்மனைட், கார்னெட் போன்ற கனிமங்களும் சேர்ந்து வரும். உருண்ட மணிகளுள்ள மீன்தொட்டி மணல் அல்லது நீச்சல்குள வடிகட்டிக்கான சிலிக்கா மணல் வாங்கி, 1 மி.மீ. சல்லடையில் சலித்து, தெளிந்த நீர் வரும்வரை அலசுங்கள். 3 அங்குலத்துக்குச் சுமார் 135 கிலோ தேவைப்படும். ஆரல்கள் புதையாத மூலைகளில் மட்டும் மணல் கறுத்து முட்டை நாற்றம் வரும். அந்த இடங்களை வாரம் ஒருமுறை குச்சியால் கிளறினால் போதும்.

கல், மரக்கட்டை எதை வைத்தாலும் முதலில் கண்ணாடித் தரையில் உட்கார வைத்து, பிறகு மணல் போடுங்கள். மணல்மேல் வைத்த கல்லின் அடியைத் தோண்டி அதற்குள்ளேயே நசுங்குவது ஆரலுக்கு அடிக்கடி நேரும் சாவு.

பொந்துக்கு பி.வி.சி. குழாயை மிஞ்சியது இல்லை. சிறிய ஆரலுக்கு ஒன்றரை அங்குலக் குழாய், பெரியதற்கு 3 அங்குலம். நீளம் ஒன்றரை அடி. வெட்டிய விளிம்பை உப்புத்தாள் கொண்டு தேய்த்து வழவழப்பாக்குங்கள். இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும். ஒரு முனை அடைத்த குழாயில் பலவீனமான மீன் மாட்டிக்கொண்டால் தப்ப வழி இருக்காது. 6 ஆரலுக்கு 12 குழாய், பாதி மணலில் புதைத்து, ஒன்றின் வாய் இன்னொன்றைப் பார்க்காதபடி திசை மாற்றி வையுங்கள். சிரட்டையும் பழைய வீட்டு ஓடும் பார்க்க அழகு. சிரட்டையை வேகவைத்து, ஓட்டின் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுப் பயன்படுத்தலாம். மணலில் நட்ட செடியை ஆரல் பிடுங்கிவிடும் என்பதால் ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் போன்றவற்றைக் கட்டையில் கட்டிவிடுங்கள்.

மூடியில் ஒரு விரல் நுழையும் இடைவெளியைக்கூட விடாதீர்கள். குழாய் நுழையும் ஓட்டைகளில் ஸ்பாஞ்ச் அடைத்து, பெரிய ஆரல் என்றால் மூடிமேல் பாரமும் வையுங்கள். ஆரல் குழாயைப் பற்றி மேலேறி இரவில் வெளியே விழும். காலையில் கட்டிலடியில் காய்ந்து கிடக்கும். ஃபில்டர் உறிஞ்சும் வாயிலும், சம்ப் (தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) வழிவாயிலும் வலை கட்டாவிட்டால் குட்டிகள் அதற்குள் போய்விடும்.

தண்ணீர்

ஃபில்டர் மணிக்கு 2500 முதல் 3000 லிட்டர் ஓட்டட்டும். மீன் விடுமுன் 4 முதல் 6 வாரம் ஓடவிட்டு, மீன் கழிவால் உண்டாகும் நஞ்சுகளான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று உறுதிசெய்யுங்கள். மாற்றும் தண்ணீர் வாரம் 150 லிட்டர். வெப்பம் 25 முதல் 28 டிகிரி போதும் என்பதால் நம் மாவட்டத்தில் ஹீட்டர் அனேகமாகத் தேவைப்படாது. சித்திரை வெயிலில் 30-ஐத் தாண்டினால் நீர்ப்பரப்பின்மேல் மின்விசிறி வைத்துக் குறைக்கலாம். காற்று போக மூடியின் ஒரு பகுதிக்குக் கண்ணாடிக்குப் பதில் நைலான் வலை போட்டிருந்தால் இது எளிது.

கடலோர ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு ஏறியிருக்கும், கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 500-க்கு மேல் காட்டினால் மழைநீர் கலந்து இறக்குங்கள். மேற்கே வெட்டுக்கல் மண்ணில் உள்ள கிணறுகளில் பெரும்பாலும் எதிர்மாறு: மென்மையான, சற்று அமிலமான நீர். ஆரலுக்கு அது பிடிக்கும், ஆனால் பி.எச். 6-க்குக் கீழே போனால் ஃபில்டரில் உள்ள நுண்ணுயிர்கள் மந்தமாகும். சிறு பையில் சிப்பி ஓடு போட்டு ஃபில்டருக்குள் வைத்து 6.5-க்குக் கொண்டுவாருங்கள்.

2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தது. பேட்டரி காற்றுப் பம்பு ஒன்றைக் கையிருப்பில் வைத்திருங்கள். மின்தடை நீளும்போது தீனியையும் நிறுத்திவிடுங்கள்.

தீனி

ஆரல் வளர்ப்பில் பெரும்பாலான இழப்பு நோயால் வருவதில்லை, பட்டினியால்தான் வருகிறது. வேகமான மீன்கள் எல்லாவற்றையும் முடித்துவிடும். ஆரல் பொந்தைவிட்டு வரும்போது ஒன்றும் மிஞ்சியிருக்காது. விளக்கணைத்து அரைமணி நேரம் கழித்து, நீளமான இடுக்கியால் மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் போடுங்கள். ஒரே இடத்தில் போட்டால் பலசாலி அங்கேயே காவல் நிற்கும்.

மண்புழுதான் முதல் தீனி. தொழுவத்து ஈரமண்ணில் தோண்டியதை ஒருநாள் ஈரத்துணியில் வைத்து, வயிற்று மண் வெளியேறிய பின் அலசிப் போடுங்கள். ரப்பர் தோட்டத்துப் புழு வேண்டாம்: மழைக்குமுன் அங்கே தாமிர மருந்து அடிப்பார்கள், தாமிரம் ஆரலுக்கு நஞ்சு. உரக்குழியில் வளர்க்கும் சிவப்புப் புழு கசப்பான நீர் கக்கும், பல ஆரல்கள் துப்பிவிடும். சந்தையில் வாங்கும் பச்சை இறாலை ஓடு உரித்து, நன்றாகக் கழுவி, விரல் நக அளவில் நறுக்கலாம். சாளை (மத்தி) வேண்டாம், எண்ணெய் மிதந்து நீர்ப்பரப்பை மூடிவிடும். குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள். உடனிருக்க மிஸ் கேரளா, சில்வர் டாலர் போன்ற மீன்கள் பொருந்தும். தோலை உறிஞ்சும் சக்கர் மீனைச் சேர்க்காதீர்கள்.

சேர்ப்பதும் பிரிப்பதும்

வாங்கியதும் 3 வாரம் தனித் தொட்டியில் மணலும் குழாயும் கொடுத்து வைத்து, தீனி எடுப்பதைப் பார்த்த பிறகு எல்லாவற்றையும் ஒரே இரவில் பெரிய தொட்டியில் விடுங்கள். ஒரு வாரம் கண்ணில் படாவிட்டாலும் மணலைத் தோண்டித் தேட வேண்டாம். வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் வெப்பத்தை 30-க்கு மெல்ல ஏற்றி, காற்றைக் கூட்டி, மாலக்கைட் கிரீன் மருந்தைப் புட்டியில் சொன்ன அளவில் பாதி மட்டும் கொடுங்கள்.

வாலில் கடித்த தடம், பகலிலும் நீர்ப்பரப்பருகே ஃபில்டர் குழாயைப் பற்றித் தொங்குதல் இரண்டும் துரத்தப்படுவதன் அடையாளம். அப்போது துரத்தப்படுவதை அல்ல, துரத்துவதை வெளியே எடுங்கள். வலை போட்டால் முதுகு முட்கள் சிக்கி மீனும் உங்கள் கையும் கிழியும். அது படுத்திருக்கும் குழாயின் இரு வாயையும் உள்ளங்கையால் மூடி அப்படியே தூக்குங்கள். இரண்டு வாரம் கழித்துத் திரும்ப விடுமுன் எல்லாக் குழாய்களையும் இடம் மாற்றிவிடுங்கள். பழைய எல்லை கலைந்திருந்தால் சண்டை தணியும். மறுபடியும் கடித்தால் அந்த ஆரலுக்குத் தனித் தொட்டிதான்.