தொடக்ககாலச் சினிமாவைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திரைப்படக் கேமராவைக் கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்விக்கு ஒரே ஒரு பெயரை விடையாக எழுதிவிடுவதுதான் முதல் தவறு. அசைவைப் படம்பிடிப்பது, பிடித்ததை ஒருவர் பார்ப்பது, திரையில் பலருக்குக் காட்டுவது ஆகிய மூன்றும் வெவ்வேறு சிக்கல்கள். 1878இல் ஓடும் குதிரையைப் பதிவுசெய்த புகைப்படக்காரர் மைபிரிட்ஜ் வரிசையாகப் பல கேமராக்களை நிறுத்தியிருந்தார் என்பதால், அவருடையதைத் திரைப்படக் கேமரா என்று சொல்ல முடியாது. 1888 அக்டோபரில் இங்கிலாந்தின் லீட்ஸில், ஒற்றை லென்ஸ் கேமராவைக் கொண்டு காகிதச் சுருளில் அசைவைப் பதிவுசெய்தவர் லூயி லெ பிரின்ஸ். 1890 செப்டம்பரில் பிரான்சின் டிஜோன் நகரில் ரயிலேறியபின் அவர் காணாமல் போனார். அதற்கு எடிசனைக் குற்றவாளியாக்கும் கதை பரவலாக உலவினாலும் அதற்கு ஆதாரமில்லை; அதை உண்மைபோல எழுதக் கூடாது.

எடிசனின் பெயரால் வழங்கும் கினெட்டோகிராஃப் கேமராவை உருவாக்கும் வேலையைப் பெரும்பகுதி செய்தவர், அவருடைய ஆய்வகத்தில் பணியாற்றிய டபிள்யூ. கே. எல். டிக்சன். அவர் பெயரை விட்டுவிடுவது அநியாயம். 1894 ஏப்ரலில் நியூயார்க்கில் திறக்கப்பட்ட கினெட்டோஸ்கோப் கூடத்தைத் திரையரங்கு என்று எழுதுவதும் பிழை. அங்கே ஒவ்வொருவரும் மரப்பெட்டியின் மேல் குனிந்து, சிறு துளையில் கண்ணை வைத்துத் தனியாகத்தான் பார்த்தார்கள்.

பிரான்சின் லூமியேர் சகோதரர்களுடைய சினிமாட்டோகிராஃப் என்ற கருவியில் கைப்பிடியைச் சுற்றும்போது, இரு முட்கள் பிலிமின் ஓரத் துளைகளில் நுழைந்து, அதை ஒரு சட்டத்தின் (பிலிமில் உள்ள ஒரு தனிப் படத்தின்) அளவுக்குக் கீழே இழுக்கும். அவை வெளியே வந்து மேலேறும் இடைவெளியில் பிலிம் அசையாமல் நிற்க, அப்போதுதான் ஒளி அதன் மேல் விழும். பிலிம் நிற்காமல் ஓடுவதால்தான் படம் பதிகிறது என்று பலர் எழுதுவது இந்த இடத்தில்தான் தவறாகிறது. படம்பிடிக்க, பிரதி எடுக்க, திரையிட என மூன்றுக்கும் அந்த ஒரே கருவி உதவியதை நினைக்கும்போது இன்றும் வியப்பாக இருக்கிறது.

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் அவர்கள் நடத்திய காட்சியைக் கட்டணம் வாங்கிய முதல் திரையிடல் என்று எழுதுவதும் சரியல்ல. அதே ஆண்டு நவம்பர் 1 அன்றே பெர்லினில் ஸ்க்லடனோவ்ஸ்கி சகோதரர்கள் கட்டணக் காட்சி நடத்தியிருந்தார்கள். திரையில் ரயில் வருவதைக் கண்டு பார்வையாளர்கள் அலறி ஓடினார்கள் என்ற கதையையும் அந்த நாளோடு சேர்க்கக் கூடாது. அன்றைய பத்துப் படங்களில் ரயில் படமே இல்லை. அன்று காட்டப்பட்ட, தொழிலாளர்கள் ஆலையைவிட்டு வெளியேறும் படம் தற்செயலாகப் பிடித்த ஒரே காட்சி என்று நினைப்பதும் தவறு. அதற்கு மூன்று வடிவங்கள் உண்டு. ஒன்றில் ஒற்றைக் குதிரை பூட்டிய வண்டி வரும், மற்றொன்றில் இரட்டைக் குதிரை வண்டி, மூன்றாவதில் குதிரையே இருக்காது.

அந்தக் காலத்துப் படங்களில் மனிதர்கள் துள்ளித் துள்ளி நடப்பதை அவற்றின் இயல்பு என்று எழுதுவோரும் உண்டு. கையால் சுற்றி, நொடிக்கு ஏறத்தாழ 16 சட்டங்களாக எடுத்ததைப் பிற்காலத்தில் 24 சட்டங்களாக ஓட்டியதால் நேர்ந்த கோளாறு அது. சரியான வேகத்தில் பார்த்தால் அவர்களும் நம்மைப் போலவே நடக்கிறார்கள்.