சுயேச்சை வேட்பாளரின் கட்டங்களை நீங்களே நிரப்பாதீர்கள்

போன வாரம் இரண்டு பேர், யாருக்கு ஓட்டுப் போடலாம் என்று முடிவெடுக்கத் தாங்கள் தயாரித்த ஒப்பீட்டுத் தாளைக் கொண்டுவந்து காட்டினார்கள். இடப்பக்கம் 18 பிரச்சினைகள், மேலே நான்கு சுயேச்சை வேட்பாளர்களின் பெயர்கள், கட்டத்துக்குக் கட்டம், தங்களோடு ஒத்துப்போனால் பச்சை டிக், இல்லாவிட்டால் சிவப்புப் பெருக்கல் குறி. ஒரு கட்டம்கூடக் காலியில்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பகீரென்றது. இதேபோல ஒரு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நானும் பெருமையாகத் திரிந்திருக்கிறேன்.

முகத்தைப் பார்த்து ஓட்டுப் போடாதே, வதந்தியை நம்பாதே என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. தாள் போட்டு ஒப்பிடும் அளவுக்கு வந்தவர்களுக்கு அதெல்லாம் தெரியும். அவர்களும் சறுக்கும் இடங்களைத்தான் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

காலிக் கட்டத்தை நம் ஆசையால் நிரப்புவது

பல வருஷங்களுக்கு முன் ஓர் உள்ளாட்சித் தேர்தல். பொது விளையாட்டுத் திடலை விற்கக் கூடாது என்ற ஒரே பிரச்சினைக்காக ஒருவர் சுயேச்சையாக நின்றார். கூட்டத்தில் வரைபடத்தை மேசைமேல் விரித்து, பறக்காமலிருக்க நாலு மூலையிலும் டம்ளரை வைத்து, எல்லைக்கோட்டை விரலால் காட்டிக் காட்டிப் பேசினார். ஆவணம் இல்லாமல் ஒரு வரி பேசவில்லை. எனக்குப் பிடித்துப்போயிற்று. வீட்டுக்கு வந்து தாளை நிரப்பினேன். திடல்: டிக். அடுத்த வரி நூலகம். திடலுக்காக இவ்வளவு பாடுபடுகிற மனுஷர் நூலகத்தை விட்டுக்கொடுப்பாரா? டிக். குடிநீர், டிக். பதினோரு பேரிடம் சொல்லி அவருக்கு ஓட்டுப் போட வைத்தேன்.

ஜெயித்தார். திடலையும் காப்பாற்றினார். எட்டு மாதம் கழித்துச் செலவைக் குறைக்க நூலகத்தின் மாலை நேரத்தை ரத்து செய்யும் தீர்மானம் வந்தது. ஆதரித்துக் கை தூக்கினார். கோபமாகப் போய்க் கேட்டேன். “நூலகத்தைப் பத்தி நான் எங்கேயாவது ஒரு வார்த்தை பேசியிருக்கேனா தம்பி?” என்றார். பேசவில்லைதான். அந்த டிக் என் கையெழுத்து. அவர் வாக்குத் தவறியிருந்தால் திட்டியாவது மனசு ஆறியிருக்கும். அதற்கும் வழியில்லாமல் போனதுதான் இன்றைக்கும் எரிச்சல்.

கட்சி வேட்பாளர் வாய் திறக்காவிட்டாலும் தேர்தல் அறிக்கை இருக்கிறது, கட்சியின் பழைய வாக்களிப்பு இருக்கிறது, கொறடா உத்தரவு இருக்கிறது. காலிக் கட்டத்தை ஓரளவு நியாயமாக நிரப்பலாம். சுயேச்சைக்கு அவர் சொன்னதும் செய்ததும் மட்டுமே. மிச்சத்தை நம் மனம் எழுதிக்கொள்கிறது, அதுவும் நமக்குப் பிடித்த மாதிரி.

அதனால் இப்போது என் தாளில் மூன்றே குறிகள். “சொன்னார்” என்றால் தேதி, இடம், அவருடைய வார்த்தை மூன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். “செய்தார்” என்றால் முன்பு ஏதாவது பொறுப்பில் இருந்தபோது எப்படி வாக்களித்தார், எதில் கையெழுத்திட்டார் என்ற பதிவு. இரண்டும் இல்லாவிட்டால் “தெரியாது”. “அநேகமாக” என்று ஒரு குறி கிடையாது. வந்த இருவரையும் இப்படியே திருத்தச் சொன்னேன். 72 கட்டங்களில் 19 மிஞ்சின. முகம் சுண்டிப்போயிற்று, ஆனால் அந்த 19ஐ நம்பலாம்.

எவ்வளவு கேட்டாலும் சில கட்டங்களை யாராலும் நிரப்ப முடியாது என்பதும் உண்மை. பிரிட்டனில் ரிச்சர்ட் டெய்லர் என்ற மருத்துவர் 2001இல் கிட்டர்மின்ஸ்டர் மருத்துவமனைப் பிரச்சினையை முன்வைத்து வயர் ஃபாரஸ்ட் நாடாளுமன்றத் தொகுதியில் பெரிய கட்சி எதையும் சாராமல், உள்ளூர் அமைப்பு ஒன்றின் பெயரில் நின்று ஜெயித்தார். 2010 வரை சுயேச்சை உறுப்பினராக இருந்தார். இடையில் 2003 மார்ச்சில் ஈராக் போர் அவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. மருத்துவமனைக்காக ஓட்டுப் போட்டவர் எவருக்கும் 2001இல் அந்தக் கேள்வி தோன்றியிருக்க வழியில்லை. ஆகவே நிலைப்பாடுகளோடு இன்னொன்றையும் கேளுங்கள்: “நீங்கள் இதுவரை யோசிக்காத விஷயம் வாக்கெடுப்புக்கு வந்தால், யாரைக் கேட்டு, எதைப் படித்து முடிவெடுப்பீர்கள்?” இதற்குத் தடுமாறாமல் பதில் சொன்னவர்கள் என் அனுபவத்தில் மிகக் குறைவு.

சதவீதத்தில் மயங்குவது

18 பிரச்சினைகளில் ஒருவர் ஐந்தைப் பற்றித்தான் பேசியிருக்கிறார், நாலில் உங்களோடு ஒத்துப்போகிறார். பொருத்தம் 80 சதவீதமா, 22 சதவீதமா? ஐந்தால் வகுத்தால் முன்னது, பதினெட்டால் வகுத்தால் பின்னது. முன்னதில் மௌனம் மறைந்துபோகிறது, பின்னதில் மௌனமே எதிர்ப்பாகிவிடுகிறது. எனவே நான் சதவீதம் போடுவதில்லை. “5இல் 4, தெரியாதது 13” என்று அப்படியே எழுதிவிடுவேன்.

ஜெர்மனியில் 2002 முதல் இருக்கும் வால்-ஓ-மாட் என்ற இணையக் கருவி இந்த விஷயத்தில் புத்திசாலி. 38 கூற்றுகளுக்கு நம் பதிலைக் கேட்டுக் கட்சிகளின் பதில்களோடு ஒப்பிடும். வேண்டாத கூற்றைத் தாண்டலாம், முக்கியமானதற்கு இரட்டை எடை கொடுக்கலாம். அந்த இரட்டை எடையை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். உயிர்போகிற இரண்டு பிரச்சினைகளும் அற்பமான பத்தும் ஒரே தராசில் ஏறக் கூடாது.

எந்தப் பக்கம் கை தூக்குவார் என்று கேட்காமல் விடுவது

ஆஸ்திரேலியாவில் 2010 தேர்தலில் 150 இடங்களில் தொழிற்கட்சிக்கு 72, எதிரணிக் கூட்டணிக்கும் 72. டோனி வின்ட்சர், ராப் ஓக்ஷாட் என்ற இரண்டு சுயேச்சைகள் யார் பக்கம் சாய்வார்கள் என்று நாடே 17 நாள் காத்திருந்தது. பழைமைவாதச் சாய்வுள்ள கிராமப்புறத் தொகுதிகளிலிருந்து வந்த அவர்கள் தொழிற்கட்சியின் ஜூலியா கில்லார்டை ஆதரித்தார்கள். ஏற்கெனவே பிரதமராக இருந்த அவர் கையிலேயே ஆட்சி நின்றது. அதே சமயம் பாப் கேட்டர் என்ற இன்னொரு சுயேச்சை எதிரணிக்குப் போனார்.

ஆக, நம்பிக்கை வாக்கெடுப்பு, பட்ஜெட் இரண்டிலும் யாருக்கு ஆதரவு என்ற வரி தாளின் உச்சியில் இருக்க வேண்டும். இந்தியாவில் நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ சுயேச்சையாக ஜெயித்தவர் பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தால், 1985இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணைப்படி, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, பதவி போய்விடும். சேராமல் வெளியிலிருந்து ஆதரவு கொடுக்க அது தடையில்லை. “நான் யாரோடும் சேர மாட்டேன்” என்ற வாக்கியத்தைக் கேட்டுத் திருப்தியாகிவிடாதீர்கள். சேர வேண்டிய அவசியமே இல்லை.

கட்சி இல்லை, அதனால் நடுநிலை

கட்சி இல்லை. அவ்வளவுதான்.

பதவிக்கு இல்லாத அதிகாரம்

வார்டு உறுப்பினருக்கு நிற்பவரின் வெளியுறவுக் கொள்கையை ஒருவர் தாளில் ஏற்றியிருந்தார். அடித்துவிட்டேன்.

நம் கருத்தைப் பிறகு எழுதுவது

முதலில் உங்கள் நிலைப்பாட்டை எழுதித் தேதி போட்டு வையுங்கள், அப்புறம் கூட்டத்துக்குப் போங்கள். நல்ல பேச்சாளரைக் கேட்டுவிட்டு வந்து எழுதினால் பொருத்தம் தானாகக் கூடிவிடும்.

“இவர் எங்கே ஜெயிக்கப் போகிறார்?”

அது வேறு கணக்கு. வேறு தாளில் போடுங்கள்.