பிக்கோ போர்டில் பேசிக்: பட்டுப்புழு செட்டுக்கு ஒரு வெப்பக் காவல்

உடுமலைப்பேட்டைப் பக்கம் என் மாமா பட்டுப்புழு வளர்க்கிறார். வளர்ந்த புழுவுக்கு 25 டிகிரியை ஒட்டிய வெப்பம்தான் ஒத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் செட்டுக்குள் சூடு ஏறினால் தழை போட்டாலும் சரியாகத் தின்னாது. "நான் மல்பெரிக்குத் தண்ணி கட்டிட்டு இருக்கறப்ப உள்ளார என்ன சூடுன்னு எனக்கு எப்படித் தெரியும் மாப்ள?" என்று கேட்டார். அதற்காகச் செய்ததுதான் இது: ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டு, அதில் ஓடும் பேசிக் என்ற புரோகிராம் மொழி, ஒரு வெப்ப சென்சார், சூடு ஏறினால் கத்த ஒரு பஸ்ஸர்.

பைத்தானிலும் செய்யலாம். ஆனால் முதன்முதலாகத் தொடுகிறவருக்கு நான் பேசிக்கையே சொல்வேன். 1964இல் டார்ட்மவுத் கல்லூரியில் கெமெனியும் கர்ட்ஸும் இதை உருவாக்கியதே, அறிவியல் படிக்காத மாணவர்களும் கம்ப்யூட்டரைத் தொட வேண்டும் என்பதற்காகத்தான். நாம் போடப்போவது எம்எம்பேசிக் என்ற பேசிக் வகை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜெஃப் கிரஹாம் 2011இல் மேக்சிமைட் என்ற சிறு கம்ப்யூட்டருக்காக எழுதியது. அதைப் பிக்கோவுக்குக் கொண்டுவந்தவர் பீட்டர் மேத்தர்; அந்த வடிவத்துக்குப் பிக்கோமைட் என்று பெயர்.

கட்டளைகளை மாமாவுக்குப் போனில் சொன்ன மாதிரியே, காதில் விழுகிறபடி எழுதுகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

கேபிள்

இரண்டு நாள் சாயங்காலம் எனக்கு வீணாய்ப் போனது இங்கேதான். போர்டைச் செருகினால் கம்ப்யூட்டரில் எதுவுமே வரவில்லை. போர்டு செத்துவிட்டது என்று நினைத்துக் காந்திபுரம் போய் இன்னொன்று வாங்கி வந்தேன். அதுவும் அப்படியே. கடைசியில் பார்த்தால், கையில் இருந்தது சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிள். உள்ளே டேட்டா வயரே கிடையாது. வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதே கேபிளில் ஒரு போனைக் கம்ப்யூட்டரோடு சேர்த்துப் பாருங்கள். போனில் இருக்கும் படங்கள் கம்ப்யூட்டரில் தெரிந்தால்தான் அது நமக்கு உதவும்.

பேசிக்கை ஏற்றுவது

பிக்கோமைட்டின் கோப்பை (பெயர் யுஎஃப்2 என்று முடியும்) இறக்கிக்கொள்ளுங்கள். பிக்கோவுக்கும் பிக்கோ 2க்கும் தனித்தனிக் கோப்பு. மாற்றிப் போட்டால் ஓடாது. போர்டில் இருக்கும் சின்ன வெள்ளைப் பட்டனை அழுத்திப் பிடித்தபடி கேபிளைச் செருகினால் பென்டிரைவ் மாதிரி ஒன்று திறக்கும். கோப்பை அதில் காப்பி செய்ததும் அது தானாக மறைந்துவிடும். பயப்பட வேண்டாம், மறைந்தால்தான் வேலை முடிந்தது.

பேச ஆரம்பிப்பது

போர்டோடு பேச கம்ப்யூட்டரில் ஒரு டெர்மினல் மென்பொருள் வேண்டும். விண்டோஸில் டெரா டெர்ம்தான் என் தேர்வு. புட்டியும் நல்லதுதான், ஆனால் புதியவர்கள் அதன் செட்டிங்கில் சிக்கிக்கொள்கிறார்கள். டெரா டெர்மைத் திறந்து, சீரியல் என்பதைத் தேர்ந்து, புதிதாக வந்திருக்கும் காம் போர்ட்டைக் கொடுத்து, என்டர் தட்டுங்கள். > என்ற குறி வரும். 'பிரிண்ட் 2+3' என்று அடித்தால் 5 என்று பதில் வரும்.

எனக்குப் பேசிக் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். புரோகிராம் எழுதுவதற்கு முன்பே போர்டிடம் ஒரு கேள்வி கேட்கலாம், உடனே பதில் சொல்லும். ஒவ்வொரு வயரையும் மாட்டியவுடன் இப்படிக் கேட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

சென்சார்

டிஎஸ்18பி20, நீர் புகாத குழாய் போட்டது. பெரும்பாலும் சிவப்பு வயர் 3.3 வோல்ட்டுக்கு (போர்டின் 36ஆம் பின், அதாவது கால்), கறுப்பு கிரவுண்டுக்கு (38ஆம் பின்), மஞ்சள் ஜிபி15க்கு (20ஆம் பின்). சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் கட்டாயம் வேண்டும். மஞ்சள், ஊதா, சிவப்பு என்று பட்டைகள் இருக்கும்.

இப்போது 'பிரிண்ட் டெம்பர்(ஜிபி15)' என்று கேளுங்கள். 'டெம்பர்' என்பது டெம்பரேச்சரின் முதல் நான்கு எழுத்தோடு ஓர் ஆர் சேர்ந்தது. அறை வெப்பம் வரவேண்டும். குழாயை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு திரும்பக் கேட்டால் எண் கூடும். 1000 என்று வந்தால் சென்சார் கிடைக்கவில்லை என்று அர்த்தம்: முதலில் ரெசிஸ்டரைப் பாருங்கள், அப்புறம் வயரை.

புரோகிராம்

பஸ்ஸரை நேராகப் பின்னில் மாட்டாதீர்கள், அவ்வளவு கரண்ட்டைப் போர்டின் பின் தாங்காது. ஜிபி14இலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒரு பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸுக்குப் போய், அதன் மூலம் பஸ்ஸரை ஓட்டுங்கள். 'எடிட்' என்று அடித்தால் போர்டுக்குள்ளேயே எடிட்டர் திறக்கும்.

செட்பின் ஜிபி14, டிஅவுட்
டூ
வி = டெம்பர்(ஜிபி15)
பிரிண்ட் வி
இஃப் வி > 28 தென் பின்(ஜிபி14) = 1 எல்ஸ் பின்(ஜிபி14) = 0
பாஸ் 5000
லூப்

டிஅவுட்டில் டிக்குப் பிறகு இடைவெளி கிடையாது. டிக்குப் பின் ஓ, யு, டி மட்டும். பாஸ் என்பது பி, ஏ, யு, எஸ், இ. 5000 என்றால் ஐந்து வினாடி. எஃப்2 அழுத்தினால் சேமித்து ஓடும். நிறுத்த கன்ட்ரோல்-சி.

கடைசியாக > குறியில் 'ஆப்ஷன் ஆட்டோரன் ஆன்' என்று ஒருமுறை கொடுத்துவிடுங்கள். தோட்டத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். இது இல்லாவிட்டால் கரண்ட் வந்தபிறகு போர்டு சும்மா உட்கார்ந்திருக்கும், மாமாவோ காவல் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார்.

பின்சேர்க்கை 1: லினக்ஸில் அனுமதி இல்லை என்று வருவதாக வெள்ளகோவிலிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். உபுண்டு மாதிரியானவற்றில் உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறித் திரும்ப உள்ளே வாருங்கள். போர்டிலேயே இருக்கும் எல்இடியை எரிக்க முடியவில்லை என்று இன்னொருவர் கேட்டார். பிக்கோமைட் தான் உயிரோடிருப்பதைக் காட்ட அதை மினுக்கிக்கொண்டிருக்கிறது; 'ஆப்ஷன் ஹார்ட்பீட் ஆஃப்' கொடுத்தால் ஜிபி25 உங்கள் கைக்கு வரும்.

பின்சேர்க்கை 2: போன வாரம் மாமா போன் செய்தார். "செட்டு குளுகுளுன்னு இருக்குது, பஸ்ஸர் கத்திட்டே இருக்குது மாப்ள." வயரைப் பார்க்கச் சொன்னேன். எலி கடித்திருந்தது. சென்சார் அறுந்தால் வருவது 1000, அது 28ஐவிடப் பெரிது, அதனால் பஸ்ஸர் அடித்திருக்கிறது. வயர் அறுந்ததும் தெரியவருவது நல்லதுதான், அதனால் அந்த இஃப் வரியில் எதையும் மாற்ற வேண்டாம். வயரை மட்டும் பிவிசி பைப்புக்குள் விட்டுக் கொண்டுபோங்கள்.