நாடக மேடைப் பாடகர் ஒருவரின் நெடிய கலைவாழ்வை எழுதும் முறை

கொங்கு நாட்டில் ஊர் நோம்பி, அதாவது கோயில் திருவிழா, என்றால் விடிய விடிய நாடகம் நடந்த காலம் ஒன்று இருந்தது. அந்த மேடைகளில் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் பாடியும் நடித்தும் வாழ்ந்தவர்கள் ஈரோடு, கரூர், தாராபுரம், நாமக்கல் பக்கங்களில் இன்றும் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய கலைவாழ்வை ஒழுங்காக எழுதி வைக்க விரும்பும் பேரப்பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் பயன்படும் என்று இந்தக் குறிப்புகளைத் தருகிறேன். பலரும் இந்த வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள்: எந்த ஆண்டு பிறந்தீர்கள், எந்த ஆண்டு மேடை ஏறினீர்கள் என்று கலைஞரிடம் கேட்டு, அவர் தயங்கித் தயங்கிச் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்கிறார்கள். ஆண்டைத் தாள்களிடம் கேட்க வேண்டும்; கலையை மட்டும் கலைஞரிடம் கேட்க வேண்டும்.

முதலில், நன்கு பதிவான ஒரு வாழ்க்கையை எடுத்துக்கொண்டு அதன் உறுப்புகளைப் பிரித்துப் பார்த்துப் பழகுங்கள். கொங்கு மண்ணுக்கு இதற்குக் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளைவிடப் பொருத்தமானவர் இல்லை. 1908இல் பிறந்து 1980இல் மறைந்த அவரைப் பெரும்பாலோர் திரையில் கண்ட முதிய ஔவையாராகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் 1935இல் திரையில் நந்தனாராகத் தோன்றுவதற்கு முன்பே அவர் சிறுமியாக நாடகக் கம்பெனியில் சேர்ந்து, இலங்கை வரை சென்று நடித்து, தம் கணவரும் புகழ்பெற்ற நாடகப் பாடகருமான எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து மேடையில் கோலோச்சி, இசைத்தட்டுகளாலும் புகழ் பெற்றிருந்தார். 1933இல் கிட்டப்பா இறந்த பிறகு வெள்ளைச் சேலை உடுத்தி, ஆடவருக்கு இணையாக நடிப்பதில்லை என்று இருந்தவர், திரைக்கு வரும்போது நந்தனார் என்ற ஆண் வேடத்தை ஏற்றதை இந்தப் பின்னணியோடு சேர்த்துப் படித்தால்தான் அந்த வேடத்தின் பொருள் விளங்கும். அதன் பின் 1951இல் சட்ட மேலவை, 1953இல் ஜெமினியின் ஔவையார், 1964இல் பூம்புகாரில் கவுந்தியடிகள், 1969ஆம் ஆண்டுப் படமான துணைவனில் பாடியதற்குத் தேசிய விருது, 1970இல் பத்மஸ்ரீ என்று வாழ்க்கை நீள்கிறது. மேடை, தட்டு, திரை, அரசியல் மேடை, பக்தி இசை என ஒவ்வொரு துறையும் தனித்தனி வகைச் சான்றுகளை விட்டுச் செல்கிறது என்பதையே நீங்கள் இதில் கவனிக்க வேண்டும். உங்கள் ஊர்க் கலைஞருக்குச் சட்ட மேலவையும் பத்மஸ்ரீயும் இராது. ஆனால் வகைகள் பலவாக இருக்கும்.

கலைஞரைப் பார்க்கப் போகும் காலத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். மாசி, பங்குனி முதல் வைகாசி வரை தேதி கொடுத்து ஓடிக்கொண்டிருப்பவர்களிடம் நின்று பேச முடியாது. இரவெல்லாம் பாடியவர் பகலில் உறங்குவார் என்பதால், மேடையை விட்டு ஓய்ந்தவர்களும் அந்தப் பழக்கத்தில் காலையில் தாமதமாகவே எழுவார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் செல்வதே நல்லது. வெற்றிலை பாக்குப் பழத்துடன் உங்களால் இயன்ற தொகையை வைத்துக் கொடுங்கள். தொண்டையையும் நேரத்தையும் விற்றுப் பிழைத்தவரிடம் இலவசமாக நாள் கணக்கில் பேசச் சொல்வது முறையன்று. பெட்டியிலுள்ள நோட்டீஸ், படம், டைரி எதையும் வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல் அவர் கண் முன்னேயே படமெடுத்துத் திருப்பி வைத்துவிடுங்கள். ஆராய்ச்சிக்கென்று வாங்கிப்போன படங்கள் திரும்பி வராத கதை ஏறக்குறைய எல்லாக் கலைஞர் வீட்டிலும் உண்டு.

இனித் தாள்களுக்கு வருவோம். நாடக நோட்டீஸ்களின் பெரிய குறை, அவற்றில் தேதியும் கிழமையும் இருக்கும், ஆண்டு இராது. அடுத்த வாரம் நடக்கப்போகும் நாடகத்துக்கு ஆண்டு எதற்கு என்று அச்சிட்டவர்கள் நினைத்ததில் தவறில்லை. ஆனால் அந்தத் தாளிலேயே ஆண்டு ஒளிந்திருக்கும். கோவை மாவட்டம், ஈரோடு வட்டம் என்று முகவரி போட்ட ஒரு ரோஸ் நிற நோட்டீஸில், மே 26, வியாழக்கிழமை இரவு 10 மணிக்கு வள்ளி திருமணம் என்று மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1960 முதல் 1990 வரை மே 26 வியாழக்கிழமையில் விழுந்த ஆண்டுகள் 1960, 1966, 1977, 1983, 1988 ஆகிய ஐந்துதான். ஈரோடு 1979இல் கோவையிலிருந்து பிரிந்து பெரியார் மாவட்டமாகி, 1990களின் பிற்பகுதியில்தான் ஈரோடு மாவட்டம் என்று பெயர் பெற்றது. ஆகவே பின்னிரண்டு ஆண்டுகளும் விலகுகின்றன. தாளின் அடியில் அச்சகத்தின் முகவரியோடு ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால், அந்த எண் 1972 ஆகஸ்டில்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால் 1977 ஒன்றே எஞ்சும். இதே வழியில், நாமக்கல் மாவட்டம் என்றிருந்தால் 1997க்குப் பின், திருப்பூர் மாவட்டம் என்றிருந்தால் 2009க்குப் பின் என்று கணக்கிடலாம். தமிழ் ஆண்டின் பெயர் போட்டிருந்தால் வேலை எளிது. அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அது திரும்பும்.

டிக்கெட் வைத்து நடத்திய நாடகங்களுக்குக் கட்டணமும் சான்றாகும். அணாக் கணக்கு இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன். நயா பைசா என்று இருந்தால் அதற்குப் பிந்திய சில ஆண்டுகள். எழுத்து வடிவத்தையும் பார்க்கலாம், ஆனால் எச்சரிக்கையோடு. துதிக்கை போல் வளைந்த பழைய லை, ணை, னை ஆகியவை 1978 அரசாணைக்குப் பிறகு மறையத் தொடங்கின. எனினும் புதிய ஈய எழுத்துகள் வாங்க வசதியில்லாத சிற்றூர் அச்சகங்கள் பழைய எழுத்தையே நெடுநாள் ஓட்டின. பெரியாரின் இதழ்களோ 1935லேயே புதிய வடிவத்துக்கு மாறிவிட்டன, ஈரோட்டுப் பக்கம் அவர் வழியைப் பின்பற்றிய அச்சகமும் இருந்திருக்கலாம். எனவே எழுத்து வடிவத்தை மட்டும் நம்பி ஆண்டு குறிக்காதீர்கள்.

நோட்டீஸில் நான் மிக முக்கியமாகக் கருதுவது பெயர்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதம். கலைஞரின் பெயர் எத்தனையாவது வரியில் இருக்கிறது, பெயருக்கு முன் என்ன பட்டம் சேர்ந்திருக்கிறது, படம் போட்டிருக்கிறார்களா, போட்டால் எவ்வளவு பெரிதாக என்பவற்றை வரிசைப்படுத்தினால், அவரது மதிப்பு எந்த ஆண்டில் ஏறியது, எப்போது இறங்கத் தொடங்கியது என்பது அவரே சொல்லக் கூசும் அளவுக்குத் தெளிவாகத் தெரிந்துவிடும்.

வானொலியில் பாடியவராக இருந்தால் ஒப்பந்தக் கடிதம் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். அதில் நாள், நேரம், தொகை எல்லாம் ஐயத்துக்கு இடமின்றி இருக்கும். திருச்சி நிலையம் 1939இலும் கோவை நிலையம் 1966இலும் தொடங்கியவை என்பதால், கோவை வானொலியில் 1960இல் பாடினேன் என்று யாராவது சொன்னால் அது திருச்சியாக இருக்கும். அவரை மறுத்துப் பேசாமல், பயணம் ரயிலிலா பேருந்திலா என்று கேட்டால் அவரே திருத்திக்கொள்வார். இசைத்தட்டு கிடைத்தால் பாடலின் பெயரோடு தட்டின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். மேடையில் அரை மணி நேரம் விரித்துப் பாடியதன் சுருக்கமே அது என்பதை உங்கள் வாசகருக்குச் சொல்லிவிடுங்கள்.

இப்போது கலைஞரிடம் கேட்க வேண்டியவை. “எந்த வருசமுங்க?” என்பதற்குப் பதிலாக, “அன்னைக்கு ஆர்மோனியம் யாருங்க? கூட ராஜபார்ட் யாருங்க? எத்தனை கட்டையில பாடுனீங்க?” என்று கேளுங்கள். ராஜபார்ட் என்பது கதாநாயக வேடம்; கட்டை என்பது பாடும் சுருதியின் அளவு. ஆர்மோனியக்காரரின் பெயர் வந்ததும் முழு இரவும் அவர் நினைவுக்கு வந்துவிடும். அப்போது குறுக்கே பேசாதீர்கள். கட்டை பற்றிய கேள்வி வெறும் தொழில்நுட்பக் கேள்வியன்று. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கேட்க ஐந்து கட்டைக்கு மேல் ஏறிப் பாடியவர், மைக் வந்தபின் என்ன செய்தார், நான்குக்கு இறங்கியது எப்போது, இறங்கியதும் எந்தப் பாட்டுகளைக் கைவிட்டார் என்பவற்றில்தான் ஒரு குரலின் வரலாறு இருக்கிறது. பழைய கேசட்டைக் கேட்டு நீங்களே சுருதியைத் தீர்மானிக்க வேண்டாம். நாடா ஓடும் வேகம் சற்றுக் கூடினாலும் சுருதி அரைக் கட்டை ஏறித் தெரியும். அவரிடமே ஓர் ஆர்மோனியப் பெட்டியை வைத்துச் சுருதி பிடிக்கச் சொல்லி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பன்முகக் கலைஞரின் வேடங்களைப் பட்டியலிடும்போது வேடத்தின் பெயரோடு நிற்காமல் மாற்றத்தின் காரணத்தையும் எழுதுங்கள். பாலபார்ட்டாக, அதாவது சிறுவர் வேடத்தில், மேடை ஏறியவர் வள்ளியாகி, வயது கூடியதும் நாரதராகவோ தாய் வேடத்துக்கோ மாறுவது வழக்கம். ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம், போடும் ஒருவர் நடுவில் பபூன் என்ற கோமாளியுடன் தர்க்கம் செய்வதில் பெயரெடுத்திருக்கலாம். நாடகம் இல்லாத மாதங்களில் கோயிலில் பக்திப் பாடல் பாடியிருக்கலாம், பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியரைப் பற்றிய அண்ணமார் கதைக்கு உடுக்கை அடிப்பவரோடு பின்பாட்டுப் பாடியிருக்கலாம். இவற்றைத் துணைத் தொழில் என்று ஓரத்தில் ஒதுக்கிவிடாதீர்கள். கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் பகுதியில் அண்ணமார் கதையைப் பாடவைத்து முழுவதும் நாடாவில் பதிந்ததால்தான் அந்தப் பாடல் முறை நமக்குக் கேட்கக் கிடைக்கிறது. நீங்களும் பாட்டைத் துண்டு துண்டாகக் கேட்காமல், ஒரு முழுக் காட்சியை வசனத்தோடு ஒரே மூச்சில் பாடச்செய்து பதியுங்கள். இடையில் இருமினாலும், வரியை மறந்தாலும் வெட்ட வேண்டாம்.

பெண் கலைஞர்களிடம் மணவாழ்க்கை, சாதி, கம்பெனி முதலாளி ஆகியவை பற்றிய பேச்சு தானாக வரும்போது மட்டும் கேளுங்கள். மருமகளும் பேரப்பிள்ளைகளும் கூடத்தில் இருக்கையில் கேட்கவே வேண்டாம். அவர் சொன்ன எதையும் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை அவருக்கு வாசித்துக் காட்டி, வேண்டாம் என்பதை நீக்கிவிட வேண்டும். நான் இதில் விதிவிலக்கு எதையும் ஏற்பதில்லை.

எழுதும்போது ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் தாள், பதிவு, நினைவு என்ற மூன்றில் எது ஆதாரம் என்று குறித்துவிடுங்கள். நினைவும் தாளும் முரண்பட்டால் இரண்டையும் எழுதலாம். முடித்த படியில் ஒன்றைக் கலைஞரின் வீட்டிலும், ஒன்றை ஊர் நூலகத்திலும் வையுங்கள். பாட்டுப் புத்தகங்களும் நோட்டீஸ்களும் நிறைய இருந்து, குடும்பத்தாரும் மனமுவந்து இசைந்தால், இத்தகையவற்றைப் பேணும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். நலிவுற்ற கலைஞர்களுக்கான அரசு உதவித்தொகைக்கோ, கலை முதுமணி போன்ற மாவட்ட விருதுகளுக்கோ அவர் இதுவரை விண்ணப்பிக்கவில்லை என்றால், நீங்கள் ஆண்டு கண்டுபிடித்த நோட்டீஸ்களின் நகல்களையே விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுக்கலாம்.