சபையில் உழைப்பவர்களுக்கு நன்றி சொல்வது எப்படி?

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில் பொன்னாடை இல்லாமல் ஒரு விழாவும் நடப்பதில்லை. சிறப்பு விருந்தினருக்கு ஒன்று, சேகரத்தின் (பல சபைகள் சேர்ந்த வட்டாரத்தின்) குருவானவருக்கு ஒன்று, கமிட்டியாருக்கு ஆளுக்கொன்று என்று போர்த்தி முடித்துக் கைதட்டிவிட்டு எழுந்துவிடுகிறோம். விடியற்காலையிலிருந்து அந்த மேடைக்கு நாற்காலி சுமந்த கோயில்குட்டியார் (ஆலயத்தில் மணியடித்து, கூட்டிப் பெருக்கும் ஊழியர்) வாசலோரம் நின்றபடியே இருப்பார். இந்தக் குறையை மாற்ற நினைக்கும் சபையாருக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை எடுத்துக்கொண்டு, அது நடப்பதற்கு யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கேட்டைத் திறந்தது யார், முதல் மணி அடித்தது யார், பாய் விரித்தது யார், பீடத்து வெள்ளைத் துணியைத் துவைத்து இஸ்திரி போட்டது யார், திருவிருந்துக்கு அப்பமும் திராட்சரசமும் ஆயத்தம் செய்தது யார், நடக்க முடியாத பாட்டியைக் கைபிடித்து அழைத்து வந்தது யார் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனால், பாதிக் கேள்விகளுக்கு நமக்குப் பதில் தெரியாது. பதில் தெரியாத அந்த இடங்களிலிருந்துதான் நன்றியைத் தொடங்க வேண்டும்.

அடுத்து, செய்த வேலையைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். வேதாகமத்தில் அப்போஸ்தலனாகிய பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் (கடிதத்தின்) 16-ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். பவுல் அங்கே பொதுவாக 'எல்லாருக்கும் நன்றி' என்று முடித்துவிடவில்லை. பெபேயாள் பலருக்கும் தனக்கும் ஆதரவாயிருந்தவள் என்றும், பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தன் உயிருக்காகத் தங்கள் கழுத்தையே கொடுத்தவர்கள் என்றும், பெர்சியாள் மிகவும் பிரயாசப்பட்டவள் என்றும் பெயரையும் செயலையும் சேர்த்தே எழுதுகிறார். பவுல் சொல்லச் சொல்ல நிருபத்தை எழுதிக்கொடுத்த தெர்தியுவின் பெயரும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. குருவானவருக்கு உதவியாகச் சபையைக் கவனிக்கும் உபதேசியாரிடம் 'நல்லா ஊழியம் செய்றீங்க' என்று சொல்வதற்குப் பதிலாக, 'எங்க அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தப்போ நீங்க வந்து ஜெபம் பண்ணினீங்க உபதேசியாரே, அன்றைக்கு ராத்திரிதான் அவங்க நிம்மதியாத் தூங்கினாங்க' என்று சொல்லிப் பாருங்கள்.

எழுதிக் கொடுப்பது இன்னும் நல்லது. எங்கள் சபையில் பல ஆண்டுகள் ஓய்வுநாள் பள்ளி (பிள்ளைகளுக்கான ஞாயிறு வேதாகம வகுப்பு) நடத்திய டீச்சர் ஒருவரின் வேதாகமத்துக்குள், நாலாக மடித்த கோடு போட்ட தாள் ஒன்று இருந்தது. மடிப்பெல்லாம் கிழிந்து, பசைநாடா ஒட்டியிருந்தது. தனக்குக் காய்ச்சல் கண்டபோது டீச்சர் வீட்டுக்கு வந்து பார்த்ததாகவும், விட்டுப்போன வசனத்தைச் சொல்லிக்கொடுத்ததாகவும் பிழையும் அடித்தலுமாக ஒரு சிறுவன் எழுதிய மூன்று வரிகள்தான் அதில் இருந்தன. அவர் பெற்ற பொன்னாடைகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்ததும், பிள்ளைகளைத் தங்கள் சொந்த வார்த்தையில் இப்படி எழுத வையுங்கள். பெரியவர்கள் திருத்தாமல் இருந்தால் போதும்.

ஐயருக்கும் (குருவானவரை எங்கள் பக்கம் இப்படித்தான் அழைப்போம்) அவர் மனைவியான ஐயரம்மாவுக்கும் நன்றி சொல்ல வழியனுப்பு விழாவரை காத்திருக்கக் கூடாது. பெண்கள் ஐக்கிய சங்கத்தைச் சம்பளமில்லாமல் நடத்தும் ஐயரம்மாவின் உழைப்பை, மாற்றல் வந்த பிறகு மேடையில் பேசுவதால் அவருக்கு என்ன பலன்?

வார்த்தையோடு நின்றுவிடவும் கூடாது. கேரல் இரவுகள், கிறிஸ்துமஸ் விடியற்கால ஆராதனை, டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை என்று கோயில்குட்டியாரின் குடும்பத்துக்குப் பண்டிகையே இல்லாமல் போகிறது. அந்த வாரத்தில் ஒரு நாளாவது வாலிபர் சங்கத்தார் மணியடிப்பதையும் கூட்டிப் பெருக்குவதையும் தாங்களே முறைவைத்து ஏற்றுக்கொண்டு, அவரைப் பிள்ளைகளோடு முன்வரிசையில் உட்கார வைக்கட்டும். பணமாக உதவ நினைத்தால், ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் கட்டும் சமயத்தில், இருவர் மட்டும் வீட்டுக்குப் போய்க் கவரில் வைத்துக் கொடுங்கள். மேடையில் தொகையைச் சொல்லிக் கொடுப்பது வாங்குகிறவரைக் கூச வைக்கும் என்பது என் உறுதியான எண்ணம். மேலும், அந்த உதவி நியாயமான சம்பளத்துக்கு ஈடாகாது. அதைக் கமிட்டியில் தனியாகப் பேசித் தீர்க்க வேண்டும்.

சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் அசனப் பண்டிகையில் இதைச் செய்ய நல்ல வாய்ப்பு உண்டு. முந்தின இரவெல்லாம் காய் நறுக்கி, அடுப்புப் புகையில் நின்று சமைத்தவர்கள் கடைசிப் பந்தியில் உட்காரும்போது, பெரும்பாலும் அடிச்சோறும் தண்ணீரான சாம்பாரும்தான் மிஞ்சியிருக்கும். சோறு வடித்ததுமே அவர்களுக்கென்று ஒரு பானையைத் தனியாக எடுத்து மூடி வையுங்கள். கடைசிப் பந்தியில் அவர்கள் உட்கார்ந்ததும், கமிட்டியாரே இலை போட்டு, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்துப் பரிமாறட்டும்.