கப்பல் பயணத்தில் குமட்டலை அடக்கிய விதம்

விடுமுறைக்குப் பயணிகள் கப்பல் ஏறினாலே எனக்கு வயிற்றைப் பிரட்டும். இப்போது முன்பக்க ஜன்னல் இருக்கைக்கு ஆசைப்படுவதில்லை. அலை அதிகம் தூக்கிப் போடுவது அந்த முனையைத்தான். கீழ்த்தளத்தில், நடுப்பகுதியில், போகும் திசையைப் பார்த்து உட்காருகிறேன். ஆட்டம் நன்றாகவே குறைகிறது.

உள்காது ஆட்டத்தை உணர்கிறது, கண்ணோ அசையாத போன் திரையைப் பார்க்கிறது. இந்த முரண்தான் வினை. அதனால் போன் பைக்குள், பார்வை தொடுவானத்தில். வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தால் அடுத்தது என்னவென்று தெரியுமே! உடனே திறந்த தளத்துக்குப் போய், டீசல் புகை அடிக்காத பக்கமாக நின்றுவிடுவேன்.

மாத்திரையா? டாக்டரிடம் கேட்டு, புறப்படும் முன்பே போட்டுவிடுவேன். குமட்டல் வந்தபின் போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வரும். அப்புறம், அது தூக்கத்தைக் கொடுக்கும். இறங்கியதும் வண்டி ஓட்டுவது வேறு ஆள்தான்.