கணினி வாங்கும்போது தள்ளுபடியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளை கல்லூரியில் சேரும் ஆண்டில், கட்டணத்துக்கும் விடுதிச் செலவுக்கும் அடுத்தபடியாகக் குடும்பத்தின் கையைக் கடிப்பது பெரும்பாலும் மடிக்கணினிதான். ஐம்பதாயிரம், அறுபதாயிரம் ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைக்கும்போது தள்ளுபடியைத் தேடுவது இயல்பு, தேடத்தான் வேண்டும். ஆனால் விளம்பரத்தில் தெரியும் தள்ளுபடிக்கும் கையில் உண்மையில் மிஞ்சும் பணத்துக்கும் உள்ள இடைவெளி, கணினி விற்பனையில் மிகப் பெரியது.

அந்த இடைவெளி எம்.ஆர்.பி.யில் தொடங்குகிறது. 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளின்படி பெட்டியின்மேல் அச்சிடப்படும் அந்த விலை, அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்சவரம்பு மட்டுமே. நிறுவனம் அதை எவ்வளவு உயர்த்தி அச்சிட்டாலும் கடைக்காரருக்கு நட்டமில்லை. அடித்துக் காட்டப்படும் தொகை பெரிதாகத் தெரிவது அவருக்கு உதவியும்கூட. ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். எம்.ஆர்.பி. 84,990 ரூபாய் என்று போட்ட கணினி, ஆண்டு முழுவதும் 58,990 ரூபாய்க்கு விற்கிறது. பண்டிகை விற்பனையில் அது 56,990 ரூபாய்க்கு வருகிறது. விளம்பரம் 33 சதவீதத் தள்ளுபடி என்று சொல்லும். உங்களுக்கு உண்மையில் குறைந்திருப்பது 2,000 ரூபாய், அதாவது மூன்றரை சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே கணக்கைத் தொடங்க வேண்டிய இடம், அந்தக் கணினி கடந்த சில மாதங்களாக விற்ற விலை. அமேசான் இந்தியாவில் உள்ள பொருள்களுக்குக் கீப்பா என்ற இணையக் கருவி பழைய விலைகளைக் கோட்டுப்படமாகக் காட்டுகிறது. அது இல்லாவிட்டாலும், வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பே குறித்த மாடலின் விலையை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும் அருகிலுள்ள இரண்டு கடைகளிலும் கேட்டு எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

பண்டிகை விற்பனைக்காகக் காத்திருப்பது எப்போதும் லாபம் என்று எண்ணுவதும் தவறுதான். தீபாவளிக்கு முன் வரும் பெரிய இணைய விற்பனைகளில் விலை குறைவது உண்மை. அப்படிக் குறைபவை பெரும்பாலும் கணினியை இயக்கும் சிப்பின் அடுத்த தலைமுறை வரவிருப்பதால் இருப்பைத் தீர்க்க வேண்டிய மாடல்கள். அவற்றை வாங்குவதில் குறையொன்றும் இல்லை, படிப்புக்கும் அலுவலக வேலைக்கும் அவை தாராளமாகப் போதும். ஆனால் 2025ஆம் ஆண்டின் இறுதியில், செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக ஏறியது. இப்படிப்பட்ட காலத்தில் மூன்று மாதம் காத்திருப்பவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி, அதற்குள் ஏறிவிட்ட விலையிலிருந்து கழிக்கப்படுவதாக இருக்கக்கூடும்.

வங்கி அட்டைச் சலுகையில் சதவீதத்தைப் பார்த்துவிட்டு உச்சவரம்பைப் பார்க்காமல் விடுகிறோம். பத்து சதவீத உடனடித் தள்ளுபடி என்ற பெரிய எழுத்தின் கீழே, அதிகபட்சம் 1,500 ரூபாய் என்று சிறிய எழுத்தில் இருந்தால், 60,000 ரூபாய்க் கணினிக்கு அது இரண்டரை சதவீதம்தான். இதைவிட அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது, வட்டியில்லாத் தவணை. கடன் அட்டையில் பூச்சிய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டு செப்டம்பரிலேயே சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. வங்கி வட்டி வாங்கத்தான் செய்கிறது; அந்த வட்டிக்கு ஈடான தொகையை விற்பவர் விலையில் குறைத்துக் காட்டுகிறார். 60,000 ரூபாயை மாதம் பத்தாயிரமாக ஆறு மாதம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். வட்டி விகிதம் 16 சதவீதம் என்றால், நீங்கள் கட்டும் தொகைக்குள் வட்டி மட்டும் ஏறத்தாழ 2,700 ரூபாய் இருக்கும். அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி., அதாவது 490 ரூபாய்க்கு அருகில், உங்கள் தலையில்தான் விழும். பல வங்கிகள் பரிசீலனைக் கட்டணமும் அதற்கான வரியும் தனியாகப் பிடிக்கின்றன. கையில் பணமில்லாதவருக்கு இது நியாயமான வழிதான். முழுப் பணமும் வைத்திருப்பவர், ‘வட்டியில்லை’ என்ற சொல்லை நம்பித் தவணையில் போவது தேவையற்ற செலவு.

மாடலின் பெயரை மட்டும் வைத்து விலையை ஒப்பிடுவது அடுத்த தவறு. ஒரே பெயரில் விற்கும் மடிக்கணினியில் ராம் எனப்படும் நினைவகம் 8 ஜிபியாகவும் 16 ஜிபியாகவும் இருக்கும். திரையின் வெளிச்சம் வேறுபடும். சிப்பும்கூட வேறாக இருக்கலாம். ஐயாயிரம் ரூபாய் குறைவாகக் கிடைத்ததாக எண்ணி வாங்கியது, வேறொரு தாழ்ந்த வகையாக இருந்துவிடும். பெட்டியில் அச்சிட்டுள்ள முழு மாடல் எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதே பாதுகாப்பானது. ராம் பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டதா, பின்னால் கூட்டிக்கொள்ள இடமுண்டா என்பதையும் கேளுங்கள். கூட்ட முடியாத 8 ஜிபியை இன்று மலிவாக வாங்குபவர், இரண்டு மூன்று ஆண்டுகளில் வேறு கணினி தேட வேண்டியிருக்கும்.

ரீஃபர்பிஷ்டு, அதாவது பயன்படுத்தியதைச் சீர்செய்து விற்கும் கணினிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உண்மையான சேமிப்பும் பெரிய இழப்பும் அங்கேதான் இருக்கின்றன. பெரிய நிறுவனங்கள் மூன்று, நான்கு ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழிக்கும் லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிடியூட், ஹெச்பி எலைட்புக் வகை அலுவலகக் கணினிகள், அதே விலைக்குக் கிடைக்கும் புதிய மலிவுக் கணினிகளைவிடக் கட்டமைப்பில் உறுதியானவை. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் நல்ல நிலையில் உள்ளவை கிடைக்கின்றன. ஆனால் அங்கே வாங்குபவர் பலர், ‘ஐ7’ என்ற எழுத்தைக் கண்டதும் மயங்கிவிடுகிறார்கள். அது இன்டெல் சிப்பின் வகைப் பெயர் மட்டுமே; எத்தனையாவது தலைமுறை என்பதே முக்கியம். ஆறாம் தலைமுறை ஐ7-6600யு சிப்பில் கணக்கிடும் அலகுகளான கோர்கள் இரண்டு. எட்டாம் தலைமுறை ஐ5-8250யு சிப்பில் நான்கு. ஐ7 என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுத்தவர், ஐ5 வாங்கியவரைவிட மெதுவான கணினியோடு வீடு திரும்புகிறார்.

தலைமுறையைப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்புத் திட்டமும் 2026 அக்டோபர் வரைதான். விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் வேண்டும், இன்டெல் சிப் என்றால், மிகச் சில விதிவிலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். சந்தையில் பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் என்று ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் குவிவதில் இந்த மாற்றத்துக்கும் பங்குண்டு. சில கடைகள் கட்டுப்பாட்டைச் சுற்றிச் சென்று அவற்றில் விண்டோஸ் 11ஐ ஏற்றித் தருகின்றன. அப்படி ஏற்றிய கணினிக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தொடரும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தரவில்லை. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் பயன்படுத்தத் தெரிந்தவருக்கு அதே கணினி நல்ல பேரமாகலாம். மற்றவர்கள் விலகியிருப்பதே நல்லது. மேக்புக் தேடுபவருக்கும் இது பொருந்தும். இன்டெல் சிப் உள்ள மேக் கணினிகளுக்கு 2025இல் வந்த மேக் ஓஎஸ் டஹோதான் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1 முதலானவற்றைப் பார்ப்பதே அறிவுடைமை.

ஏ, பி என்று தரம் குறிப்பிட்டு விற்பதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அந்த எழுத்துகள் பெரும்பாலும் கீறல், நிறமிழப்பு போன்ற வெளித்தோற்றத்தையே குறிக்கின்றன. கடைக்குக் கடை அளவுகோலும் மாறும். உள்ளே இருப்பதை நீங்களே பார்க்க வேண்டும். விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கும் வசதி உண்டு. புதிதாக இருந்தபோது பேட்டரியின் கொள்ளளவு எவ்வளவு, இப்போது முழுதாகச் சார்ஜ் ஏற்றினால் எவ்வளவு நிற்கிறது என்ற இரண்டு எண்களையும் அது தரும். இரண்டாவது எண் பாதிக்கு வந்திருந்தால், பேட்டரி மாற்றும் செலவைக் கணினியின் விலையோடு கூட்டிய பிறகே மலிவா என்று முடிவு செய்யுங்கள். கோப்புகளைச் சேமித்து வைக்கும் எஸ்.எஸ்.டி.யின் ஆரோக்கியத்தைக் காட்டும் இலவச மென்பொருளைக் கடைக்காரரின் முன்னாலேயே ஓட்டிப் பார்க்கலாம். நேர்மையான கடைக்காரர் மறுப்பதில்லை.

பழைய கணினியில் இருக்கக்கூடிய பூட்டைப் பற்றிப் பலருக்குத் தெரிவதேயில்லை. முன்பு வைத்திருந்த நிறுவனத்தின் நிர்வாகப் பதிவிலிருந்து நீக்கப்படாத கணினி, கடையில் நன்றாக ஓடும். வீட்டில் விண்டோஸை மறுபடி நிறுவி இணையத்தோடு இணைத்ததும் அந்த நிறுவனத்தின் உள்நுழைவுப் பக்கம் வந்து நிற்கும். கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் கடவுச்சொல்லும், மேக் கணினிகளில் ஆப்பிள் கணக்குப் பூட்டும் இதே தொல்லைகள்தான். பணம் கொடுப்பதற்கு முன், கணினியை முற்றிலும் அழித்துத் தொடக்கத்திலிருந்து இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். அரைமணி நேரம் போனாலும் பரவாயில்லை.

பில் வேண்டாமென்றால் விலையைக் குறைக்கிறேன் என்பது எல்லா ஊரிலும் கேட்கும் பேச்சு. இதை ஏற்பது எனக்குத் தெரிந்து மிகவும் விலையுயர்ந்த தள்ளுபடி. பில் இல்லாவிட்டால் வாரண்டியைக் கோருவது கடினம், வாங்கியதற்கான சான்றும் இல்லை. ஜி.எஸ்.டி. பதிவு வைத்துத் தொழில் செய்பவருக்கு நட்டம் இன்னும் கூடும். வரியோடு 59,000 ரூபாய்க்கு வரும் புதிய கணினியில் 9,000 ரூபாய் ஜி.எஸ்.டி.; தொழிலுக்காக வாங்கியதாக இருந்தால், தம் பதிவு எண் அச்சிட்ட பில்லை வைத்து அதை உள்ளீட்டு வரியாக, அதாவது தாம் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்து, அவர் எடுத்துக்கொள்ளலாம். பண்டிகை விற்பனையில் அவ்வளவு குறைவது அரிது. ஆனாலும் தம் பெயருக்குச் சாதாரண பில்லைப் போட்டுக்கொண்டு வருபவர்கள் ஏராளம்.

மாணவர் சலுகையைக் கேட்காமல் விடுவதும் அப்படித்தான். ஆப்பிள், ஹெச்பி, லெனோவோ, டெல் ஆகியவை கல்லூரி மாணவர்களுக்குத் தனி விலையோ சலுகையோ தருகின்றன. கல்லூரி மின்னஞ்சலோ அடையாள அட்டையோ இருந்தால் போதும். ஆனால் இதைக் கடையில் யாரும் தாமாக எடுத்துச் சொல்வதில்லை.

‘இன்னும் இரண்டு மட்டுமே உள்ளன’ என்று ஓடும் எச்சரிக்கைக்குப் பயந்து பணம் செலுத்திவிடாதீர்கள். இல்லாத அவசரத்தைக் காட்டுவதையும், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதையும் 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடை செய்கின்றன. கூடுதல் வாரண்டியும் வைரஸ் தடுப்பு மென்பொருளும் தாமாகச் சேர்ந்திருக்கின்றனவா என்று கடைசிப் பக்கத்தில் பாருங்கள். விளம்பரப் பக்கத்தின் படம், பில், கணினியின் வரிசை எண், பெட்டியைத் திறந்தபோது எடுத்த காணொளி ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். சொன்னதற்கு மாறான கணினி வந்து விற்பவர் கைவிரித்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் பதிவு செய்யும்போது இந்தச் சான்றுகள்தாம் பேசும்.